பறையும் மறுப்பும்: ஒரு குறியீட்டை வாசிப்பது பற்றி

1893 அக்டோபரில் சென்னையிலிருந்து ஓர் இதழ் வெளிவரத் தொடங்கியது. அதன் ஆசிரியர் இரட்டைமலை சீனிவாசன். இதழின் பெயர் ‘பறையன்’. வசைச்சொல்லாக வழங்கிவந்த ஒரு பெயரைத் தலைப்பில் அச்சிட்டு விற்பனைக்கு அனுப்புவதற்கு எவ்வளவு துணிவு வேண்டியிருந்திருக்கும் என்பதை இன்று நாம் முழுமையாக உணர்வது கடினம். அதே ஆண்டில், நான் இப்போது வாழும் புணே நகரில், இல்லங்களுக்குள் நடந்துவந்த கணபதி வழிபாடு திலகர் முதலியோரின் முயற்சியால் தெருவுக்கு வந்தது. அவ்விழாவின் ஓசையாக இன்று அறியப்படுவது டோல்-தாஷா முழக்கம். இவ்விரு நிகழ்வுகளுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் கிடையாது. எனினும் ஒரு தோற்கருவி ஓரிடத்தில் பெருமையாகவும் மற்றோரிடத்தில் இழிவாகவும் எவ்வாறு பொருள்படுகிறது என்ற வினாவை இவை அருகருகே வைக்கின்றன. இலக்கியம், மொழி, இசை, சட்டம் ஆகிய நான்கையும் தொட்டுச் செல்ல வேண்டியிருப்பதால் பதிவு சற்று நீளும், பொறுத்தருள்க.

பறையைப் பற்றிக் கருத்தரங்குகளிலும் சமூக ஊடகங்களிலும் அண்மைக்காலமாக ஒரே வாய்பாடு திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. பறை தமிழரின் ஆதி இசைக்கருவி. பறைதல் என்றால் பேசுதல். ஆகவே பறை என்பது தமிழரின் குரல். கேட்பதற்கு இனிமையான வாய்பாடுதான். ஆனால் ‘ஆதி’ என்ற சொல்லுக்கும் ‘குரல்’ என்ற சொல்லுக்கும் இடையே ஓராயிரம் ஆண்டுக் கட்டாய உழைப்பு இருக்கிறது. அதைத் தாண்டிக் குதித்துவிட்டுச் செய்யப்படும் குறியீட்டு வாசிப்பை என்னால் ஏற்க இயலவில்லை.

முதலில் சங்க இலக்கியம். தொல்காப்பியர் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களில் தெய்வம், உணவு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் சேர்க்கிறார். பின்வந்த இலக்கணிகள் அதை விரித்துக் குறிஞ்சிக்குத் தொண்டகம், முல்லைக்கு ஏறுகோட்பறை, மருதத்துக்கு நெல்லரிகிணை, நெய்தலுக்கு மீன்கோட்பறை, பாலைக்குத் துடி என வகுக்கின்றனர். இங்கே பறை என்பது தோற்கருவிகள் அனைத்துக்குமான பொதுப்பெயர். இன்று இரு குச்சிகளால் அடிக்கப்படும் வட்டக் கருவியைக் காட்டி ‘இதுவே தொல்காப்பியர் சொன்ன பறை’ என்பது மொழி வரலாற்றைப் பொருட்படுத்தாத கூற்று. பொதுப்பெயர் ஒன்று காலப்போக்கில் சிறப்புப்பெயராகக் குறுகியது என்பதே பொருத்தமான விளக்கம்.

மேலும், சங்கப் பாடல்களிலேயே கருவிகளுக்குள் ஏற்றத்தாழ்வு இருக்கிறது. புறநானூற்றின் 50ஆம் பாடலில், அரசனின் முரசுக்கு உரிய கட்டிலில் அறியாமல் உறங்கிவிட்ட மோசிகீரனாரைத் தண்டிக்காமல் சேரமான் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை கவரி வீசிய செய்தி வருகிறது. முரசுக்குக் கட்டில் உண்டு, பலி உண்டு, நீராட்டு உண்டு. 194ஆம் பாடலில் பக்குடுக்கை நன்கணியார் ஒரு வீட்டில் சாவுப்பறையும் மற்றொரு வீட்டில் மணமுழவும் ஒரே நேரத்தில் ஒலிப்பதைக் காட்டுகிறார். சாவுக்கும் மணத்துக்கும் ஓசை வேறு என்பது கேட்போர் அனைவருக்கும் தெரிந்திருந்தது. 335ஆம் பாடலில் மாங்குடி கிழார் துடியன், பாணன், பறையன், கடம்பன் எனும் நான்கு குடிகளைப் பெயர் சொல்கிறார். சிதைந்த நிலையில் கிடைத்துள்ள இந்தப் பாடலைச் சாதியின் தொன்மைக்குச் சான்றாகச் சிலரும், சாதியற்ற பொற்காலத்துக்குச் சான்றாக வேறு சிலரும் எடுத்தாள்கின்றனர். அந்தச் சில அடிகள் இவ்விரண்டில் எதையும் தாங்கமாட்டா. கருவியோடு குடிப்பெயர் இணைந்திருந்தது என்பதற்கு மட்டுமே அது சான்று. அக்குடி மறுத்தால் என்ன நேரும் என்பது பற்றிப் பாடல் பேசவில்லை.

பறைக்கு மற்றொரு பொருளும் உண்டு. அது வெளிப்படுத்துவது. திருக்குறளில் (1076, 1180) கேட்ட மறையைப் பலரறியப் பரப்பும் கயவரும், காதலை ஒளிக்கத் தெரியாத கண்களும் அடிக்கப்படும் பறைக்கு ஒப்பிடப்படுகின்றன. ‘பறைதல்’ எனும் வினை இன்றும் மலையாளத்தில் பேசுதலைக் குறிக்கும் இயல்பான சொல். யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழிலும் அது உயிரோடு இருக்கிறது. ஆக, ஒரே ஒலிவடிவம் கேரளத்திலும் யாழ்ப்பாணத்திலும் வினையாக எந்தக் கறையும் படியாமல் வாழ, பெயர்ச்சொல்லாக மனிதர்மீது ஏறியபோது இழிவடைந்தது. மொழியியலில் இதனை இழிபொருட்பேறு என்போம். இழிபொருட்பேறு தானாக நிகழ்வது போலப் பாடநூல்கள் எழுதுகின்றன. சொல் தானாக இழியாது. அச்சொல்லுக்கு உரியவரை வைத்திருக்கும் இடத்தைப் பொறுத்தே அது இழிகிறது.

அந்த இடம் கல்வெட்டில் பதிவாகியிருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசனின் கல்வெட்டுகள், ஊர்களின் வரியில்லா நிலங்களைக் கணக்கிடுகையில் ‘பறைச்சேரி’, ‘தீண்டாச்சேரி’ ஆகிய பெயர்களைக் குறிப்பிடுகின்றன. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே குடியிருப்பு தனியாகிவிட்டது. இதற்கு முன்பே ஆண்டாளின் திருப்பாவையில் ‘பறை’ வேண்டப்படும் பொருளாக வந்துவிட்டது என்பதை இங்கே நினைக்க வேண்டும். நோன்புக்குரிய கருவியாகத் தொடங்கும் அந்தப் பறை, 29ஆம் பாசுரத்தில் ‘நாங்கள் கேட்பது வெறும் கருவியை அன்று’ என்ற தெளிவை எட்டுகிறது. பெரியவாச்சான் பிள்ளை முதலிய உரையாசிரியர்கள் அதனைக் கைங்கரியம், அதாவது இறைவனுக்குச் செய்யும் இடையறாத தொண்டு என்று விரித்தனர். தமிழ் உரைமரபில் குறியீட்டு வாசிப்பின் உச்சங்களில் ஒன்று இது. அந்த வாசிப்பில் கருவியிலிருந்து தோலும் அதைப் பதப்படுத்திய கையும் முற்றாக நீங்கிவிடுகின்றன, எஞ்சுவது தொண்டு. சேரியில் பறையடித்தவரிடமும் கேட்கப்பட்டது தொண்டுதான். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு விருப்பத்தில் இருக்கிறது.

ஐரோப்பா இச்சொல்லை எடுத்துக்கொண்டபோது மறுபடியும் ஒரு நீக்கம் நிகழ்ந்தது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்ச்சுகீசியரான துவார்த்தே பர்போசாவின் குறிப்புகளில் இச்சொல் இடம்பெறுகிறது. 1791இல் பெர்னார்தன் டி சென்-பியேர் ‘இந்தியக் குடிசை’ எனும் கதையில் ஒரு ‘பாரியா’வை இயற்கையோடு இயைந்து வாழும் ஞானியாக்கினார். 1821இல் கசிமீர் டெலவீன் அதே பெயரில் நாடகம் எழுதினார். அந்நாடகத்தைத் தழுவி 1829இல் டோனிசெட்டி நேப்பிள்சிலும், 1869இல் மோனியூஷ்கோ வார்சாவிலும் ஓபெரா அரங்கேற்றினர். கோதே ‘பாரியா’ என்ற தலைப்பில் மூன்று கவிதைகள் கொண்ட தொகுதி எழுதினார். பின்னர் மாக்ஸ் வேபர் யூதர்களைப் ‘பாரியா மக்கள்’ என வகைப்படுத்த, 1944இல் ஹன்னா அரெண்ட் அச்சொல்லைத் தம் புகழ்பெற்ற கட்டுரையின் தலைப்பிலேயே கொண்டார். தோற்கருவி ஒன்றின் பெயரடியாகப் பிறந்ததாகக் கருதப்படும் சொல் இரு ஓபெராக்களுக்குத் தலைப்பாகிவிட்டது. ஆனால் அக்கதைகளில் பறையைத் தேடிப் பயனில்லை. கருவி உதிர்ந்து, விலக்கம் மட்டுமே அங்கே போய்ச் சேர்ந்தது. ஐரோப்பிய இலக்கியத்துக்கு விலக்கம்தான் தேவைப்பட்டது.

‘பெயரடியாகப் பிறந்ததாகக் கருதப்படும்’ என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. கால்டுவெல் இனப்பெயரைக் கருவிப்பெயரிலிருந்து வருவித்தார். பின்வந்தோர் பலர் அதையே வழிமொழிந்தனர். ஒலியியல் அளவில் அதில் குறை காண்பதற்கில்லை. ஆனால் வரலாற்றில் அந்தச் சமூகத்தாரில் பெரும்பாலோர் பறையடித்து வாழ்ந்தவர்கள் அல்லர்; வயலில் உழைத்தவர்கள். பறையடிப்பது சிலர் செய்த பணி. சிலரது பணியைக் கொண்டு அனைவரையும் பெயரிட்டதில், நெல் விளைவித்த கை மறைந்து பறையடித்த கை மட்டும் கண்ணுக்குத் தெரிந்தது. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமன்ஹீர் 1891இல் அளித்த அறிக்கை நிலத்தைப் பற்றிப் பேசியது. அதன் தொடர்ச்சியாகவே 1892இல் பஞ்சமி நிலம் எனப்படும் நிலங்களை ஒதுக்கும் ஆணை பிறந்தது. பறையை மட்டும் மையமாக்கும் இன்றைய பண்பாட்டு உரைகளில் பஞ்சமி நிலம் எத்தனை முறை பேசப்படுகிறது என்று யாரேனும் எண்ணிப் பார்க்கலாம்.

இந்தப் பின்னணியில்தான் ‘பறையன்’ இதழை வாசிக்க வேண்டும். பெயரைக் கண்டு கூசி ஒளிவதால் உரிமை கிட்டாது, ‘அவன் நானே’ என்று முன்வந்தால்தான் கிட்டும் என்பது சீனிவாசனின் நிலைப்பாடு. அயோத்திதாசரின் வழி வேறு. 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கிய அவர் அப்பெயரையே ஏற்கவில்லை. தம் மக்களைப் பூர்வ பௌத்தர் என்றார். வேடதாரிகளின் பொய்யை ஊரறியப் ‘பறைந்தவர்கள்’ மீது பகைவர் சுமத்திய பெயரே அது என்று விளக்கமும் தந்தார். சொற்பிறப்பியலாக அதை ஏற்பதா என்பது வேறு வினா. மேலே சொன்ன வாய்பாட்டைப் போல இவரும் ‘பறைதல்’ என்னும் வினையைத்தான் எடுக்கிறார். ஆனால் பேசியதற்காகத் தண்டிக்கப்பட்டோர் என்ற வரலாற்றை அதற்குள் வைக்கிறார். இன்றைய வாய்பாடு அந்தத் தண்டனையை விட்டுவிட்டது. 1922இல் எம்.சி. ராஜாவின் முயற்சியால் சென்னைச் சட்டமன்றம் ‘ஆதிதிராவிடர்’ எனும் பெயரைப் பரிந்துரைத்தது. முப்பது ஆண்டுக்குள் ஒரே மக்கள் ஒரு பெயரைக் கைக்கொள்ளவும், மறுவிளக்கம் செய்யவும், மாற்றவும் முயன்றிருக்கிறார்கள். இம்மூன்றில் ஒன்றை மட்டும் ‘சரியான அரசியல்’ எனத் தேர்வது பின்னோக்கிப் பார்க்கும் நமக்கு எளிது.

பெயரோடு போராட்டம் முடியவில்லை, கருவியோடும் நடந்தது. 20ஆம் நூற்றாண்டில் தமிழகச் சிற்றூர்கள் பலவற்றில் ‘இனிச் சாவுக்குப் பறையடிக்க மாட்டோம்’ என்று மக்கள் மறுத்தனர். சில இடங்களில் பறைகளைக் கிழித்தனர், எரித்தனர். மறுத்ததற்கு விலையும் கொடுத்தனர்: வயல்வேலை மறுக்கப்பட்டது, கடையில் பொருள் மறுக்கப்பட்டது, அடி விழுந்தது. பறையின் வரலாற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்த மௌனமே. ஊரில் ஒரு சாவு. வழக்கமாக எழும் ஓசை எழவில்லை. அந்த ஓசையின்மையை ஊர் முழுவதும் தெளிவாகப் ‘படித்தது’. குறியியல் வகுப்பில், ஒரு குறி இல்லாமலிருப்பதும் குறியே என்று கற்பிக்கும்போது இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைக்குமா என்று தெரியவில்லை. ஆயினும் பறை பற்றிய ஆய்வேடுகளில் அடவுகளின் பட்டியல் கிடைக்கிறது. மறுத்தவர்களின் ஊர்ப்பட்டியல் கிடைப்பது அரிது.

சட்டமும் இங்கே ஒரு விந்தையைச் செய்திருக்கிறது. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் 1976இல் திருத்தப்பட்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டமானது. அப்போது சேர்க்கப்பட்ட 7அ பிரிவு, துப்புரவு செய்யவோ, செத்த விலங்கை அகற்றவோ, தோலுரிக்கவோ, தொப்புள்கொடி அகற்றவோ, இவை போன்ற வேறு பணி செய்யவோ ஒருவரைக் கட்டாயப்படுத்துவதைத் தீண்டாமை எனக் கருதுகிறது. சாவுக்குப் பறையடிப்பது பெயர் சொல்லிக் குறிக்கப்படவில்லை. ‘இவை போன்ற வேறு பணி’ என்ற தொடருக்குள் அதை வாசித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. தோலை உரிப்பது சட்டத்தின் கண்ணில் பட்டது. அதே தோலை அடிப்பது பண்பாடாக நின்றுவிட்டது.

இப்போது புணேக்கு வருகிறேன், ஏனெனில் இவ்வேறுபாடு இங்கே கண்கூடாகத் தெரிகிறது. பாணேர் பகுதியில் மழைக்காலத்தில் மாலை தோறும் டோல்-தாஷாக் குழுக்களின் பயிற்சி கேட்கும். குழுவில் சேர்வோரில் மென்பொருள் பணியாளர்களும் கல்லூரி மாணவ மாணவியரும் உண்டு. இடுப்பில் பெருங்கருவியைக் கட்டி மணிக்கணக்கில் அடிப்பது அவர்களுக்குப் பெருமை; அடிக்கப் பிடிக்காவிட்டால் அடுத்த ஆண்டு வரமாட்டார்கள், அவ்வளவுதான். மராட்டியத்தில் ஹல்கி என்றொரு கருவியும் உண்டு. வட்டச் சட்டத்தில் தோல் போர்த்தி இரு குச்சிகளால் அடிக்கப்படும் அது, நம் பறைக்கு உடன்பிறப்பு. மரபாக அதை வாசித்தவர்கள் மாங் (மாதங்க்) சமூகத்தார். கன்னடத்தில் இக்கருவியை ‘ஹலகெ’ என்பர். ‘ஹலகெ’ என்றால் பலகை என்றும் பொருள். சொல்முதல் பகரம் கன்னடத்தில் ஹகரமாகும் விதியின்படி, பலகையைக் குறிக்கும் அச்சொல் நம் ‘பலகை’க்கு இணையான திராவிடச் சொல்லே. மராட்டி ‘ஹல்கி’யும் அங்கிருந்து வந்ததாக இருக்கலாம். எல்லை தாண்டிச் சொல் நடந்திருக்கிறது; சொல்லோடு சாதியும் நடந்திருக்கிறது. டோலுக்குக் கிடைத்த விருப்பத் தொண்டர்கள் ஹல்கிக்கு அவ்வளவாகக் கிடைக்கவில்லை.

மராட்டியத்தில் ஊர்ச் சேவைக் கட்டாயத்தைப் பண்பாட்டுச் சிக்கலாக அன்றி நிலவுரிமைச் சிக்கலாக அம்பேத்கர் அணுகினார். ஊருக்குச் செய்தி சொல்வது, முரசறைந்து அறிவிப்பது, சாவுச் செய்தி சுமப்பது என முடிவற்ற பணிகளை மகர்களிடம் வாங்கியது ‘வதன்’ முறை. அதற்குக் கைம்மாறாகக் கிடைத்தது சிறு நிலத்துண்டு. பரம்பரைப் பதவிகள் குறித்த 1874ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்த அவர் 1928இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார், அது நிறைவேறவில்லை. அவர் மறைந்த பின் 1958இல்தான் அத்தகைய கீழ்நிலை வதன்களை ஒழிக்கும் சட்டம் வந்தது. ‘மறுக்கும் உரிமை’ என்பது உணர்ச்சிச் சொல் அன்று. அதற்கு நிலமும் கூலியும் சட்டமும் வேண்டும் என்பதை வதன் வரலாறு போல் வேறெதுவும் எனக்குக் கற்பிக்கவில்லை.

தமிழகத்தில் மறுப்புக்குப் பின் மீட்பு வந்தது. 1990களில் தலித் கலை விழாக்கள் பறையை மேடையேற்றின. திண்டுக்கல் சக்தி குழுவில், ஆண்களே அடித்துவந்த கருவியைப் பெண்கள் ஏந்தினர். 2018இல் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ கானாவோடும் கித்தாரோடும் பறையைச் சேர்த்தது. மதுரையைச் சேர்ந்த பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. இம்மீட்பை ஐயுறுவோர் தலித் சிந்தனையாளர்களுக்குள்ளேயே இருந்தனர்: விட்டொழித்த அடிமைத் தொழிலைக் கலையென்று மறுபடி ஏற்பதா என்பது அவர்கள் வினா. நான் மீட்பின் பக்கம் சாய்கிறேன். காரணம், மேடையில் அடிப்பவர் அடிக்காமலும் இருக்கலாம். ஆனால் மறுத்தவர்களின் வினா இன்றி இந்த மேடையே கிடைத்திருக்காது என்பதால், அவ்வினாவைக் ‘கலை தெரியாதவர்களின் எதிர்ப்பு’ என்று தள்ளுவோரோடு எனக்கு உடன்பாடில்லை.

‘தூய மரபு’ தேடுவோர்க்கு ஒரு செய்தி. சப்பரத்து அடி, மருள் அடி, சாமிச்சாட்டு அடி, மாரடிப்பு அடி என்று கலைஞர்கள் எண்ணும் வரிசையிலேயே ‘சினிமா அடி’யும் ‘ஜாயிண்ட் அடி’யும் இடம்பெறுகின்றன. ஆய்வாளர்தாம் அவற்றைப் பட்டியலிலிருந்து நீக்கத் துடிக்கின்றனர்.

தோலின் வரலாறு பறையோடு நிற்பதும் இல்லை. டி.எம். கிருஷ்ணா 2020இல் வெளியிட்ட ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ நூல், கருநாடக இசையரங்கின் மிருதங்கத்தைச் செய்யும் கைகள் யாருடையவை, அதில் எந்தெந்த விலங்குகளின் தோல் இருக்கிறது என்பதை எழுதியது. வெளியீட்டு விழாவுக்கு அரங்கம் தந்திருந்த கலாக்ஷேத்திரா இறுதி நேரத்தில் இசைவைத் திரும்பப் பெற, விழா ஆசிய இதழியல் கல்லூரியில் நடந்தது. மாட்டுத்தோல் பறையில் இருந்தால் தீட்டு. மிருதங்கத்தில் இருந்தால் நாதம். பொருள் பொருளில் இல்லை என்பதை நிறுவக் கோட்பாட்டு நூல்களைத் தேட வேண்டியதில்லை. அந்த ஓர் அரங்க மாற்றம் போதும்.

2022 ஆகஸ்டில், தண்டோரா போட்டு அறிவிக்கும் முறையைக் கைவிடுமாறு தமிழக அரசின் தலைமைச் செயலர் வெ. இறையன்பு மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். அறிவியல் வளர்ந்த காலத்தில் வண்டியில் ஒலிபெருக்கி கட்டிச் செய்தி சொல்லலாம் என்பது அதன் சாரம். மணிமேகலையின் விழாவறை காதையில் யானைமேல் முரசேற்றி இந்திர விழாவை அறிவிப்பவனிடமிருந்து தொடங்கிய ஒரு பணி, அரசுக் கடிதம் ஒன்றோடு முடிவுக்கு வந்தது. நல்ல ஆணை, தாமதமான ஆணை. ஆயினும் அது பேசியது அரசின் செய்திகளை அறிவிக்கும் பறையைப் பற்றி மட்டுமே. இழவு வீட்டு வாசலில் அடிக்கப்படும் பறை அதன் வரம்புக்குள் வரவில்லை. பல ஊர்களில் அதற்கு இன்றும் ‘வழக்கம்’ என்றுதான் பெயர்.